எல்லாக் கையும் படட்டும்

(ஆலயப் பழுதுபார்ப்பு நிதியைத் தொடங்கிவைத்த சபைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆலயத்துக்குள் நடந்திருக்க வேண்டிய கூட்டம் இது. இன்று பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கிறது. ஏன் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். வடக்குப் பக்கம் கூரைக் காரை பெயர்ந்து விழுகிறது. போன மழையில் பெண்கள் உட்காரும் பக்கம் நனைந்தது. இந்த மழையில் பலிபீடத்துக்குப் பின்சுவரிலும் ஈரம் ஏறியிருக்கிறது. மின்விசிறி சுற்றும்போது சுவிட்ச் போர்டிலிருந்து கருகல் வாசனை வருகிறது. இவ்வளவையும் பார்த்த பிறகும், "பண்டிகை வருகிறது, ஒரு கோட்டு வெள்ளை அடித்துவிடலாம்" என்று நாம் பேசிக்கொண்டிருந்தால், அது நியாயமா?

இன்றைக்கு நான் கொடுத்தலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சுற்றி வளைக்கப் போவதில்லை. நம் ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் நம்மிடமிருந்துதான் வர வேண்டும். ஆனால் எவ்வளவு வருகிறது என்பதைவிட எத்தனை பேர் கையிலிருந்து வருகிறது என்பதே எனக்குப் பெரிய கேள்வி. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் கிளாரிந்தா அம்மையாரின் சிற்றாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிராமண விதவை அவர். 1778-இல் மிஷனரி சுவார்ச் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் எழுதப்பட்ட அந்தச் சபையின் முதல் பட்டியலில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 40 பேர். வெறும் 40 பேர்! அந்த 40 பேரை வைத்துக்கொண்டு அந்த அம்மையார், "நாம் சிறு கூட்டம், நமக்கு எதற்கு ஆலயம்?" என்று உட்கார்ந்துவிடவில்லை. 1785-இல் ஆலயம் எழும்பியது. சுவார்ச் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே அழைத்தார்கள். ஒரு விதவையின் பெயரில், 40 பேர் சபையில் தொடங்கியதுதான் இன்று பல லட்சம் பேர் ஆராதிக்கிற திருநெல்வேலித் திருச்சபை.

அடுத்து இடையன்குடிக்கு வாருங்கள். மிஷனரி கால்டுவெல் ஐயர் அங்கே வந்தது 1841-இல். தேரி மணல், முள், பனை. வேறென்ன இருந்தது? பனையேறிப் பிழைக்கும் மக்கள் இருந்தார்கள். அங்கே அவர் 1847-இல் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டார். பிரதிஷ்டை நடந்தது எப்போது? 1880 ஜூலை 6. கணக்குப் போட்டுப் பாருங்கள், 33 ஆண்டுகள்! இந்த இடைவெளிக்குள் என்னென்ன நடந்தது! அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. நூல் முடிந்துவிட்டது, ஆலயம் முடியவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. அதன் நடுவில் 1877-இல் அவர் பேராயர் ஆனார். அப்போதும் ஆலயம் முடியவில்லை. அஸ்திவாரத்தில் மண் சுமந்த இருபது வயது வாலிபன் பிரதிஷ்டையைப் பார்க்கும்போது ஐம்பத்து மூன்று வயதுக்காரன். எத்தனையோ பேர் பார்க்காமலே மண்ணுக்குள் போயிருப்பார்கள்.

சபையாரே, அவர்களுக்கு என்ன லாபம்? தாங்கள் உட்காராத ஆலயத்துக்கு, தாங்கள் கேட்காத மணியோசைக்கு, தாங்கள் பார்க்காத பிள்ளைகளுக்கு அவர்கள் சுமந்தார்கள். 1891-இல் கால்டுவெல் ஐயர் கொடைக்கானலில் மரித்தபோது அவருடைய உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். இன்றைக்கும் அங்கே ஆராதனை நடக்கிறது.

பஞ்சத்திலும் கட்டியவர்களின் வழிவந்தவர்கள் நாம். நம் ஆலயத்தைக் கட்டினவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். கட்டுகிற பங்கை அவர்கள் முடித்துவிட்டார்கள். காக்கிற பங்கு நம் தோளில் இருக்கிறது. புதிதாகக் கட்டுவதில் ஒரு பெருமை உண்டு. கல்வெட்டில் பெயர் வரும். பழுதுபார்ப்பதில் அந்தப் பெருமை இல்லை. ஓட்டை அடைத்தவன் பெயரை யாரும் கல்லில் வெட்டுவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், பழுதுபார்க்கிற வேலை கட்டுகிற வேலைக்கு ஒரு படியும் தாழ்ந்ததல்ல.

வேதத்தில் இதற்கென்றே ஒரு சம்பவம் இருக்கிறது. ராஜாக்களின் இரண்டாம் புத்தகம் பன்னிரண்டாம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் முழுவதும் வாசியுங்கள். யோவாஸ் ராஜாவின் காலம். தேவாலயம் பழுதாகிக் கிடக்கிறது. முன்பு ஆண்ட அத்தாலியாள் ராணியின் மக்கள் அதை உடைத்துப்போட்டிருந்தார்கள். ராஜா உத்தரவு போட்டார்: ஆலயத்துக்கு வரும் பணத்தை ஆசாரியர்கள் வாங்கிக்கொண்டு, இடிபாடுகளைச் சரிசெய்ய வேண்டும். நல்ல உத்தரவுதானே? ஆனால் என்ன நடந்தது? ராஜாவின் ஆட்சியில் இருபத்து மூன்றாம் வருஷம் வந்துவிட்டது. பணம் வந்துகொண்டிருந்தது. பழுது மட்டும் அப்படியே இருந்தது!

ராஜா ஆசாரியர்களைக் கூப்பிட்டு, "ஏன் இன்னும் சரிசெய்யவில்லை?" என்று கேட்டார். அதன் பிறகு பிரதான ஆசாரியன் யோய்தா செய்ததைக் கவனியுங்கள். ஒரு பெட்டியை எடுத்தார். அதன் மூடியில் துளை போட்டார். பலிபீடத்துக்கு வலப்பக்கம், எல்லாரும் உள்ளே வரும் வழியில் வைத்தார். வருகிறவர்கள் கொண்டுவந்த பணமெல்லாம் அதற்குள் போனது. பெட்டி நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து, எண்ணி, பையில் கட்டினார்கள். ஒருவர் அல்ல, இரண்டு பேர். ஒருவர் அரண்மனையைச் சேர்ந்தவர், மற்றவர் ஆலயத்தைச் சேர்ந்தவர். எண்ணின பணம் நேரே வேலையை நடத்துகிறவர்கள் கைக்குப் போனது. தச்சருக்கு, கொத்தனாருக்கு, கல்தச்சருக்கு, மரத்துக்கு, கல்லுக்கு.

இதில் மூன்று விஷயம் என் மனதைத் தொடுகிறது. முதலாவது, மக்கள் கொடுக்காததால் பழுது கிடக்கவில்லை. ஒழுங்கு இல்லாததால் கிடந்தது. ஒழுங்கு வந்தவுடனே கொடுப்பவர்களுக்கும் சந்தோஷம் வந்தது. இதே சம்பவத்தை எழுதும் நாளாகமப் புத்தகம் அதைச் சொல்கிறது: பிரபுக்களும் ஜனங்களும் மகிழ்ச்சியோடு கொண்டுவந்து பெட்டியில் போட்டார்கள். ஜனங்களை நொந்துகொள்ளும் முன் கமிட்டி தன் ஒழுங்கைப் பார்க்க வேண்டும். நான் இதைக் கமிட்டியார் முன்னால் வைத்தே சொல்கிறேன். அவர்களும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இரண்டாவது, அந்தப் பணத்திலிருந்து வெள்ளிக் கிண்ணங்கள் செய்யவில்லை, எக்காளங்கள் செய்யவில்லை. முதலில் இடிபாடு. இடிபாடெல்லாம் சரியான பிறகு மீந்த பணத்தைக் கொண்டுதான் பணிமுட்டுகள் செய்தார்கள். இதை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். வாலிபர்கள் குளிர்சாதனம் கேட்கிறார்கள். சிலர் முகப்பில் பெரிய கோபுரம் கேட்கிறார்கள். மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி உயரம் நிற்கிறது, நமக்கும் ஒன்று வேண்டாமா என்கிறார்கள். ஆசை தவறில்லை. ஆனால் கூரை ஒழுகும்போது கோபுரம் எதற்கு? நான் சொல்கிற வரிசை இது: முதலில் கூரை, உடனே மின்கம்பிகள், அதன் பின் கழிப்பறையும் சாய்தளமும். மற்றதெல்லாம் மீதியில்.

மூன்றாவது, வேலை செய்தவர்கள் உண்மையாக நடந்தபடியால் அவர்களிடம் கணக்கே கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறது. சிலர் இந்த வசனத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, கணக்குக் கேட்கக் கூடாது" என்பார்கள். இல்லை, சபையாரே! இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கட்டிய பிறகு வந்த நம்பிக்கை அது. எண்ணாமல் வந்ததல்ல. நம் ஆலயத்திலும் காணிக்கையை இரண்டு பேர் எண்ணட்டும். ஒருவர் கமிட்டியிலிருந்து, ஒருவர் கமிட்டிக்கு வெளியிலிருந்து. மாதக் கடைசியில் வரவும் செலவும் ஆலய வாசல் பலகையில் ஒட்டப்படட்டும். சிமெண்டுக்கு எவ்வளவு, கொத்தனார் கூலி எவ்வளவு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் வாசிக்கிற மாதிரி இருக்கட்டும்.

இப்போது கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், "வருஷாவருஷம் பணம் கொடுக்கிறோம், வருஷாவருஷம் ஒழுகுகிறது" என்று நீங்கள் அலுத்துக்கொள்வது எனக்குத் தெரியும். அந்த அலுப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது உங்கள் கையில் இல்லை, சுவரில் இருக்கிறது.

நம் ஆலயத்தின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்தக் காலத்தில் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, மணலோடு சேர்த்துச் செக்கில் ஆட்டி, கடுக்காய் ஊறின நீரும் கருப்பட்டிப் பாகும் விட்டுப் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும். வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். பிறகு சிமெண்டு வந்தது. காரை பெயர்ந்த இடத்திலெல்லாம் நாம் சிமெண்டை அப்பினோம். சிமெண்டுப் பூச்சு கெட்டி; ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய ஈரம் செங்கல்லில் உள்ள உப்பைக் கரைத்து, மேலே கொண்டுவந்து பூக்க வைக்கிறது. பூத்த உப்பு பூச்சைத் தள்ளுகிறது. பூச்சு விழுகிறது. நாம் மறுபடியும் சிமெண்டு வைக்கிறோம். அதன் மேல் கிறிஸ்துமஸுக்குப் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கிறோம். சுவருக்கு இருந்த கடைசி மூச்சையும் அடைக்கிறோம்.

கூரையிலும் இதே கதைதான். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் நம்முடையது. மழைத் தூம்பில் வேப்பிலைச் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது. மேல்தள ஓரத்து வெடிப்பில் ஒரு காக்கை போட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைக்கிறது. அது கையகலம் இருக்கும்போது பிடுங்கியிருந்தால் செலவு கிடையாது. இன்று அதன் வேர் சுவருக்குள் எத்தனை அடி போயிருக்கிறதோ! தேங்கிய தண்ணீர் உத்திரத்தின் முனையை நனைக்கிறது. நனைந்த மரத்துக்குக் கரையான் வருகிறது. ஆகவே, இந்தத் தடவை பூச்சு வேலை போதாது. பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடித்து, சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். இற்றுப்போன சட்டங்களை மாற்ற வேண்டும். செலவு கூடுதல்தான். ஆனால் ஒரு தடவை சரியாகச் செய்த வேலை நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும். அதன் பிறகு, மழைக்கு முன் தூம்பைச் சுத்தம்செய்து, கன்று பிடுங்குகிற பொறுப்பை வாலிபர் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மின்கம்பியைப் பற்றி ஒரே வார்த்தை. நாலு விளக்குக்கும் ரெண்டு விசிறிக்கும் போட்ட கம்பியில் இன்று பத்து விசிறியும் ஒலிபெருக்கியும் கீபோர்டும் புரொஜெக்டரும் ஓடுகின்றன. தீப்பிடித்தால் மரக்கூரை என்ன ஆகும்? இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சாய்தளத்துக்கு வருகிறேன். நம் ஆலய வாசலில் படிகள் இருக்கின்றன. முழங்கால் தேய்ந்த எத்தனை தாய்மார் படிக்குப் பயந்து வீட்டிலிருந்தே ஜெபிக்கிறார்கள் என்று வீடு சந்திக்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐம்பது வருஷம் இந்த ஆலயத்தைப் பெருக்கிக் கழுவிய கைகள் அவை! இன்று அவர்களால் உள்ளே வர முடியவில்லை. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்தார்கள். வாசலில் கூட்டம், வழியில்லை. அவர்கள் திரும்பிப் போனார்களா? கூரையைப் பிரித்து இறக்கினார்கள். நம்மிடம் யாரும் கூரையைப் பிரிக்கச் சொல்லவில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில், கைப்பிடியோடு ஒரு சாய்தளம் கேட்கிறார்கள். சக்கர நாற்காலியும் அதில் ஏறிவிடும். இதைக்கூட நாம் செய்யவில்லை என்றால், அந்த நாலு பேரைப் பற்றிப் பிரசங்கம் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தம்பிமார் சிலர் என்னிடம் நேர்மையாக ஒரு கேள்வி கேட்டார்கள். "அண்ணாச்சி, கையால் கட்டின வீட்டில் ஆண்டவர் வாசம்பண்ணுவதில்லை என்று ஸ்தேவானே சொல்லியிருக்கிறாரே! இந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தால் என்ன?" நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிற பிள்ளைகள் சபையில் இருப்பது நமக்குப் பாக்கியம்.

நான் பதில் சொல்கிறேன். ஆண்டவருக்குக் கூரை வேண்டாம். நமக்கு வேண்டும். நம் பக்கத்து வீட்டாருக்கும் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாராவது மறந்திருக்கிறோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகம்! தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அந்த இரவில் மக்கள் எங்கே ஓடினார்கள்? மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு, மண்டபத்துக்கு, கோவிலுக்கு, பள்ளிவாசலுக்கு, ஆலயத்துக்கு. எந்தச் சாதி, எந்த மதம் என்று யார் கேட்டார்கள்? மறுபடியும் அப்படி ஒரு மழை வந்து, நம் ஊர் மக்கள் கைக்குழந்தையோடு நம் ஆலய வாசலுக்கு ஓடிவந்தால், உள்ளேயும் ஒழுகுகிறது என்று சொல்லி நிற்பதா? ஆலயத்தைப் பழுதுபார்ப்பதும் ஏழைக்குச் செய்வதும் இரண்டு வேலை என்று பிரிக்காதீர்கள். இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் கேட்டது வீணாகப் போகக் கூடாது. ஆகவே ஒரு யோசனை வைக்கிறேன்: இந்த நிதிக்கு வரும் ஒவ்வொரு பத்து ரூபாயிலும் ஒரு ரூபாய் சபையில் மருத்துவச் செலவுக்குத் தவிக்கிறவர்களுக்கு என்று ஒதுக்கப்படட்டும். சேகரத் தலைவர் ஐயா இதைக் கமிட்டியில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி, எப்படிக் கொடுப்பது?

வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் ஒருவர் முழுச் செலவையும் தாமே ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கலாம். அப்படி ஒருவர் முன்வந்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வோம். ஆனால் முழுவதையும் அவர் மேல் சுமத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஏன்? ஒருவர் பணத்தில் எழும்பிய கூரை அவருடைய கூரையாகிவிடும். மற்றவர்கள் அதன் கீழே விருந்தாளிகளாகிவிடுவார்கள். அரசங்கன்று முளைத்தால், "அவர் பார்த்துக்கொள்வார்" என்று கடந்து போவார்கள்.

நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் மதிலைக் கட்டியவர்கள் பெயர் பெயராக வருகிறார்கள். பிரதான ஆசாரியன் ஆட்டுவாசலைக் கட்டுகிறார். தட்டார் ஒரு பங்கு கட்டுகிறார்கள். தைலக்காரர் ஒரு பங்கு. வியாபாரிகள் ஒரு பங்கு. சல்லூம் என்கிற ஒரு தலைவர் தம் பெண்மக்களோடு நின்று கட்டுகிறார். அந்தக் காலத்தில், பெண்பிள்ளைகள் மதிலில் நிற்கிறார்கள்! பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பங்கைக் கட்டுகிறார்கள். தெக்கோவா ஊரின் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அதற்காக அந்த ஊரார் சோர்ந்தார்களா? தங்கள் பங்கை முடித்து, இன்னொரு பங்கையும் கட்டினார்கள்! அந்த அதிகாரத்தில் யார் எந்தப் பங்கைக் கட்டினார் என்று இருக்கிறது. யார் எவ்வளவு பணம் கொடுத்தார் என்று ஒரு வரி கிடையாது. ஐம்பத்திரண்டு நாளில் மதில் முடிந்தது.

நம் பாட்டிமாருக்கு இது தெரியும். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள், அது ஆண்டவருக்கு. மிசோரம் மலைகளில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதே பிடி அரிசியைத் தொடங்கினார்கள். இன்றும் விடவில்லை. அந்தப் பிடி அரிசி இன்று கோடிக்கணக்கான ரூபாயாகத் திரண்டு ஊழியங்களைத் தாங்குகிறது. நம் ஊர்ப்பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயரை நினைத்துக்கொள்ளுங்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று உறுதி எடுத்தவர்களில் ஒருவர். தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லில், மிகவும் ஏழையான மக்கள் நடுவில் அவர் ஊழியம் செய்தார். ஏழைகள், ஆகவே கொடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கொடுக்கிற கண்ணியத்தை ஏழையிடமிருந்து பறிக்கக் கூடாது என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. அங்கே எழும்பிய பேராலயம் 1939 ஜனவரி 6-ஆம் தேதி பிரதிஷ்டை ஆனது.

நம் அறுப்பின் பண்டிகையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் முதல் காய்ப்புத் தேங்காயைக் கொண்டு வருகிறார். ஒருவர் பூசணிக்காய், ஒருவர் சேவல், ஒருவர் கருப்பட்டிச் சிப்பம். ஏலம் போடுகிறோம். இருபது ரூபாய்த் தேங்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. எடுத்தவர் அதைத் திரும்ப ஆலயத்துக்கே கொடுக்க, மறுபடியும் ஏலம் போகிறது! அந்தச் சந்தோஷம் நம் இரத்தத்தில் இருக்கிறது. அதைக் கூரைக்குக் கொண்டுவர முடியாதா?

கணக்கைச் சொல்கிறேன். ஒரு வீட்டார் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் எடுத்து வைக்கிறார்கள். கடையில் ஒரு டீ அந்த விலைக்குக் கிடைக்குமா? ஒரு வருஷத்துக்கு 3,650 ரூபாய். 200 வீட்டார் அப்படிச் செய்தால் 7,30,000 ரூபாய். ஐந்து ரூபாய்தான் முடியும் என்கிறவர்கள் ஐந்து ரூபாய் வைக்கட்டும். அதுவும் முடியாதவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தரட்டும். சித்தாள் வேலை தெரிந்த தாய்மார் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்! நீங்கள் சுமக்கும் ஒரு சட்டிச் சாந்து, காசோலைக்குக் குறைந்ததா?

இதோடு, தமிழ்நாடு அரசு சிறுபான்மையினர் நலத்துறை வழியாகத் தேவாலயங்களைப் பழுதுபார்க்க உதவித்தொகை கொடுக்கிறது. சொந்தக் கட்டடத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இயங்கும் ஆலயங்கள் விண்ணப்பிக்கலாம்; கட்டடத்தின் வயதுக்கு ஏற்பத் தொகை. அந்தப் பழுதுபார்ப்புக்கு வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. செயலாளர் ஐயா கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்து, பத்திரங்களைத் தயார்செய்ய வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்தால் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்புவது வெளிநாட்டு நிதிச் சட்டத்துக்குள் வரும்; அதை நேரே வாங்கக் கூடாது. சட்டத்தைச் சுத்தமாகக் கடைப்பிடிப்போம்.

இன்னொன்றைச் சொல்லாமல் இறங்க என் மனச்சாட்சி இடம் கொடுக்காது. ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு காசு போட்ட விதவையைப் புகழ்ந்தார். அதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைக் கண்டித்தார். மாற்கு இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறார். நாம் ஒன்றை மட்டும் பிரசங்கிக்கக் கூடாது. ஆகவே, யாரும் வட்டிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். கம்மலை அடகு வைக்க வேண்டாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டாம். கமிட்டியார் யார் வீட்டு வாசலிலும் நின்று, "பக்கத்து வீட்டார் இவ்வளவு தந்தார்கள், நீங்கள்?" என்று கேட்க வேண்டாம். கொடுத்தவர் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படாது என்று சேகரத் தலைவர் ஐயா எனக்கு உறுதி தந்திருக்கிறார். மொத்தத் தொகை மட்டும் பலகையில் வரும். கொடாதவரும் பந்தியில் நமக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்தான். அவருடைய கூரையும் இதுதான்.

வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அடிமைத்தனத்திலிருந்து வந்த மக்கள் அவர்கள். பெண்கள் நூல் நூற்றுக் கொண்டு வந்தார்கள், ஆட்டுமயிரைத் திரித்தார்கள். ஆண்கள் தோலும் மரமும் கொண்டு வந்தார்கள். தினந்தோறும் காலையில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தலைமைக் கைவினைஞன் பெசலெயேலோடு வேலை செய்தவர்கள் மோசேயிடம் ஓடினார்கள்: போதும், தேவைக்கு மிஞ்சி வருகிறது! இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் கூறவேண்டியதாயிற்று. நம் சேகரத் தலைவர் ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் நின்று, "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்கிற நாளைப் பார்க்க எனக்கு ஆசை. உங்களுக்கு ஆசை இல்லையா?

வருகிற ஞாயிறு முதல் பூட்டுப் போட்ட பெட்டி ஆலய வாசலின் வலப்பக்கம் இருக்கும். சாவி இரண்டு, ஒன்று பொருளாளரிடம், மற்றது பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மாவிடம். நாள் காணிக்கைக்கான சிறு உண்டியல்களை ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் வீடு வீடாகக் கொண்டு வருவார்கள். உழைப்பைத் தர விரும்புகிறவர்கள், எந்த நாள் வர முடியும் என்று உபதேசியார் ஐயாவிடம் பெயரோடு சொல்லுங்கள். நாளைக் காலை ஏழு மணிக்குப் பொறியாளர் கூரையைப் பார்க்க வருகிறார். ஏணி பிடிக்கவும், மேலே ஏறி அந்த அரசங்கன்றை வெட்டவும் நாலு வாலிபர்கள் வேண்டும். பின் வரிசையில் இருக்கும் தம்பிமாரே, யார் வருகிறீர்கள்? கையை உயர்த்துங்கள், பெயர் எழுதிக்கொள்கிறோம்.